முதல் ஷீட்டும் வேகமான டிஸ்க்கும்

என் கொழுந்தனாரின் மனைவிக்குச் சீராக ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பீரோ, கட்டில், பித்தளைப் பாத்திரம், வெள்ளிக் குத்துவிளக்கு எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் விருதுநகரிலிருந்து வேனில் வந்து இறங்கியது. ஒரு பக்கம் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு, நெற்றியில் சந்தனப் பொட்டு. சீர் பார்க்க வந்த பெண்கள் பாத்திரங்களை விட்டுவிட்டு அதைச் சுற்றி நின்றார்கள். எனக்குச் சீராக வந்தது தையல் மெஷின். அதைச் சுற்றி யாரும் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இதை நாகரிகமாக வேறு வார்த்தையில் சொல்லலாம். ஆதங்கம் என்று சொல்லலாம், மனத்தாங்கல் என்று சொல்லலாம். எனக்கு இருந்தது பொறாமைதான். வயிறு எரிந்தது. நடுவில் எப்போதாவது அணைந்தாலும் அவளே வந்து ஊதிவிட்டுப் போவாள். தெரிந்து செய்கிறவள் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

எங்களுக்குச் சிவகாசியில் ஆப்செட் அச்சகம். பட்டாசு லேபிள் வருஷம் முழுக்க ஓடும், ஆடிக்குப் பிறகு காலண்டர். மாமா, அதாவது என் மாமனார், ஆர்டர் பிடிப்பார். என் வீட்டுக்காரர் மெஷினைப் பார்த்துக்கொள்வார். கொழுந்தனாருக்கு லோடு அனுப்புகிற வேலை. டிசைன் என்னுடையது. நான் வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். டிசைன் படித்தவள் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் டிசைனர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். சீசன் நேரம். காலியாகக் கிடந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். தப்புத் தப்பாகத் தட்டித்தான் கற்றுக்கொண்டேன். பிறகு அந்தக் கம்ப்யூட்டரை வீட்டுக்கே கொண்டுவந்து கீழ்க்கட்டு அறையில் வைத்துக்கொண்டேன். அடுப்பையும் பார்க்கலாம், லேபிளையும் பார்க்கலாம்.

எங்கள் ஊரில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டுத் திறப்பார்கள். வெளியூர் ஏஜெண்டுகள் வருவார்கள், புரட்டுவார்கள், ஆர்டர் கொடுப்பார்கள். ஆல்பத்தில் முதலில் இருக்கிற படத்தை முதல் ஷீட் என்போம். பெரும்பாலும் மகாலட்சுமி. முதல் ஷீட் பிடித்துப்போனால் ஏஜெண்ட் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து மற்றதைப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எங்கள் ஆல்பத்தின் முதல் ஷீட் நான் நாற்காலியில் உட்கார்ந்த வருஷத்திலிருந்து என்னுடையது. வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பட்டம் அது.

போன சீசனில் அந்தப் பட்டத்தில் ஓட்டை விழுந்தது. திருச்சிப் பக்கத்து ஏஜெண்ட் ஒருவர் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அம்மன் சேலையின் சிவப்பைக் கொஞ்சம் இறக்கிக் காட்டச் சொன்னார். நான் ஃபைலைத் திறந்தேன். திறந்தேன் என்பது பேச்சுக்குத்தான். என் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைச் சொடுக்கிவிட்டு அரிசி களைந்து உலை வைத்து வரலாம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே ஹார்ட் டிஸ்க் கறகறவென்று அரைத்தது. அப்போது அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "பென் டிரைவ்ல குடுங்கக்கா, நான் மேல போட்டுப் பாக்கேன்" என்றாள். கொண்டு போனாள். ஏஜெண்ட் காப்பி ஆறுவதற்குள் சேலை நிறம் மாறிய பிரிண்ட் வந்துவிட்டது.

"சின்னம்மா நல்ல வேகம்" என்றார் அவர்.

அதில் வேகம் அவளுடையதா, அவள் அப்பா வாங்கிக் கொடுத்த மெஷினுடையதா என்று எனக்குக் கேட்க வேண்டும் போல இருந்தது. சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இந்த வருஷம் ஆனி மாதம் பிறந்ததும் மாமா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். "மொதல் ஷீட்டுக்கு ரெண்டு பேருமே ஆளுக்கு ஒண்ணு பண்ணுங்கத்தா. ரெண்டையும் பாத்து எது மொதல்ல வரணும்னு நான் முடிவு பண்ணுதேன். ரெண்டும் ஆல்பத்துல வரும், அதுல மாத்தம் இல்ல" என்றார். அவள் கோயம்புத்தூரில் இதையெல்லாம் பட்டப்படிப்பாகப் படித்தவள். கையில் பேனா மாதிரி ஒன்றைப் பிடித்து ஒரு பலகையில் வரைவாள், அது மானிட்டரில் படமாக விழும். நான் எங்களிடம் இருக்கும் பழைய ஆயில் பெயிண்டிங்குகளை ஸ்கேன் செய்து, நகை ஏற்றி, தாமரை மாற்றி, நிறம் கூட்டி எடுக்கிறவள். "சரி மாமா" என்றாள் அவள். நானும் "சரி மாமா" என்றேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். என் கம்ப்யூட்டர் அவளுடையதைவிட வேகமாக ஓட வேண்டும். சமமாக ஓடினால் போதாது.

ஃபைல் திறக்கும்வரை செய்வதற்கு ஒன்றும் இருக்காது. கையை மடியில் வைத்துக்கொண்டு, மானிட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாய் திறக்க மாட்டேன். மனசுக்குள் மட்டும் அவளுக்கு அர்ச்சனை நடக்கும். உன் நீல விளக்கு அவிஞ்சு போக. உன் கண்ணாடிப் பெட்டிக்குள்ள எறும்பு புத்து வைக்க. அவள் அந்த நேரம் பார்த்துக் கீழே வந்து, அறை வாசலில் சாய்ந்து நின்று போனை நோண்டிக்கொண்டிருப்பாள். "என்னக்கா, தொறந்துருச்சா?" என்பாள். "தொறந்துரும்" என்பேன்.

அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது, ஊசி ஒன்று அதில் தேடித் தேடிப் படிக்கிறது, அதனால்தான் தாமதம் என்று தெரிந்தது. எஸ்எஸ்டி என்று ஒன்று இருக்கிறது, அதில் சுற்றுவது எதுவும் கிடையாது, கேட்டதும் கொடுக்கும். கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டாம், அந்த டிஸ்க்கை மட்டும் மாற்றினால் பழைய மெஷினும் எழுந்து ஓடும் என்று எல்லா வீடியோவிலும் ஒரே மாதிரி சொன்னார்கள். அதிலும் இரண்டு வகை. ஒன்று பெட்டி மாதிரி, கேபிளில் மாட்டுவது. இன்னொன்று தீப்பெட்டியின் உரசுகிற பட்டை மாதிரி நீளமாக, போர்டிலேயே சொருகுவது. பட்டை வகைதான் பெரிய வேகம்.

அவளிடம் இருப்பது எது என்று தெரிய வேண்டுமே. மோர் மிளகாய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிற சாக்கில் அவள் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவள் இல்லை. உள்ளே போய்க் கண்ணாடிக்குக் கண்ணைக் கொடுத்துப் பார்த்தேன். நீல விளக்கும் சுற்றுகிற விசிறியும்தான் தெரிந்தன. நிமிர்ந்தால் பின்னால் நிற்கிறாள்.

"என்னக்கா தேடுறீக?"

"ஒண்ணுமில்லம்மா. தூசி கீசி அடைஞ்சிருக்கான்னு பாத்தேன்."

கையில் மோர் மிளகாயை வைத்துக்கொண்டு சொன்னேன். அவள் அதை நம்பினாள். அதோடு விடாமல் அவளாகவே எல்லாவற்றையும் விளக்கினாள். இது பட்டை வகை எஸ்எஸ்டி, நொடிக்கு ஏழாயிரம் எம்பி வரைக்கும் படிக்கும் என்றாள். "உங்களுக்கும் ஒண்ணு பாப்பமாக்கா? நான் பாத்துச் சொல்லட்டா?" என்றாள்.

"எனக்கு எதுக்கு? இருக்கது போதும்" என்று சொல்லிவிட்டு வெயிலுக்குப் போனேன். ஏழாயிரம் என்கிற எண் மட்டும் மண்டையில் உட்கார்ந்துகொண்டது.

அந்த வாரமே விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் கேட்டவர்களுக்கு ஒரு கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் நடுவயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். என் கம்ப்யூட்டரின் உட்பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். அதைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்க போர்டுல பட்டை சொருகுற எடமே இல்லம்மா. பெட்டி டைப்தான் போடலாம். அது செகண்டுக்கு ஐநூத்தம்பது எம்பி வரைக்கும் ஓடும்."

"ஏழாயிரம் ஓடுறது வேணும்."

"தெரு அம்புட்டுதாம்மா இருக்கு. சந்துக்குள்ள ஓட்டுறதுக்கு நாலுவழிச் சாலை லாரிய வாங்கி என்ன செய்யப் போறீக? இப்ப இருக்க டிஸ்க் நூறு ஓடுனாலே பெருசு. அதுக்கு இது அஞ்சு மடங்கு. சின்னச் சின்ன பைலைத் தேடி எடுக்கதுல இன்னும் வித்தியாசம் தெரியும்."

அஞ்சு மடங்கு என்பது நல்ல கணக்குத்தான். ஆனால் நான் அந்தக் கடைக்கு என் பழைய டிஸ்க்கோடு போட்டி போடப் போகவில்லை. அவர் ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பெரிய படத்தை சேவ் பண்ணும்போது நடுவுல மூச்சு வாங்காது. இதுல தனி மெமரி ஒண்ணு இருக்கு, வேகம் கீழ விழாமப் பிடிச்சுக்கும். அஞ்சு வருசம் வாரண்டி. இத வாங்குங்க, மிச்சத்துக்கு ரேம் கூட்டிக்கிடலாம்."

அப்போது நான் செய்ததை எங்கள் ஊர்க்காரர்கள் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். கைப்பையிலிருந்து லென்ஸை எடுத்தேன். அச்சுப் புள்ளிகளைப் பார்க்கிற சின்ன லென்ஸ், எங்கள் வீட்டில் மூக்குக் கண்ணாடி மாதிரி ஆளுக்கொன்று உண்டு. டிஸ்க் வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தேன். ரிஜிஸ்டர் சரியில்லை. நாலு நிறமும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழ வேண்டும். இதில் ஓர் எழுத்தின் ஓரத்தில் சிவப்பு ஒரு முடியளவு வெளியே நின்றது. மடிப்பில் மை உதிர்ந்திருந்தது. இத்தனை பெரிய கம்பெனி இப்படியா பெட்டி அடிப்பான்?

"இது டூப்ளிகேட்" என்றேன்.

"என்னது?"

"அச்சு சரியில்லீங்க. ஒரிஜினல் கம்பெனி இத டெலிவரியே எடுக்க மாட்டான்."

அவர் என்னையும் லென்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, நான் டிஸ்க் விக்கேன். பெட்டி விக்கல" என்றார். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று அப்போது எனக்குத் தோன்றியது. பெட்டியில்தானே எங்கள் பிழைப்பே இருக்கிறது.

திரும்பி வந்து எங்கள் ஊரிலேயே புதிதாகத் திறந்திருந்த ஒரு கடைக்குப் போனேன். போன், கேமரா, கம்ப்யூட்டர் சாமான் எல்லாம் கலந்து விற்கிற கடை. ஏழாயிரம் என்று நான் வாயைத் திறந்ததுமே, "இருக்கே" என்று ஒரு பெட்டியை நீட்டினார் கடைக்காரர். உள்ளே இருப்பது பெட்டி வகைதான், கேபிளில் மாட்டலாம், எந்தப் பழைய போர்டிலும் ஓடும் என்றார். மேலே ஏழாயிரம் என்று எம்பாஸ் செய்து, தங்க ஃபாயில் ஒட்டி, எழுத்துக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ் ஏற்றியிருந்தது. லென்ஸ் வைத்தேன். ஒரு புள்ளி பிசகவில்லை. மடிப்பில் கோடு விழவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. இப்படிப் பெட்டி அடிக்கத் தெரிந்தவன் உள்ளே எப்படிப்பட்ட சரக்கை வைத்திருப்பான்! ஒரே சரக்கைப் பத்து லேபிளில் கட்டுகிற ஊரில் வாழ்ந்துகொண்டு இப்படி யோசித்தேன் என்றால், அந்த ஏழாயிரம் என் கண்ணை எந்த அளவுக்கு மறைத்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் மெக்கானிக் வந்து மாட்டிக் கொடுத்தார். எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்தேன். கம்ப்யூட்டர் சட்டென்று விழித்துக்கொண்டது. நான் அன்று செய்த அலட்டலைச் சொல்லி முடியாது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினேன். அத்தை, அதாவது மாமியார், "ஏம்மா, அத எதுக்குப் போட்டு இப்படி வதைக்க?" என்றார். அவளையும் மாடியிலிருந்து வரவழைத்தேன். புளி எங்கே இருக்கிறது என்று கேட்கிற மாதிரி கூப்பிட்டு, தற்செயல் போல ஆன் செய்தேன்.

"ஐயோ, சூப்பரா இருக்குக்கா!" என்று கை தட்டினாள். முகத்தில் துளி வருத்தம் இல்லை. எனக்கு அந்த சந்தோஷத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

புதிய மகாலட்சுமியை அந்த டிஸ்க்கில்தான் ஆரம்பித்தேன். பழைய படங்களைத் தொடவே இல்லை. இந்தத் தடவை தாமரைக்குளத்தில் நிற்கிற அம்மன், பின்னால் கோபுரம், அதற்குப் பின்னால் மழைமேகம். வேலை ஏற ஏற ஃபைல் கனத்தது. முதலில் சேவ் ஆகச் சற்று நேரம் எடுத்தது. பிறகு பழையபடி வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான் மறுபடியும் கையை மடியில் வைத்து உட்கார்ந்து, மறுபடியும் அவளை அர்ச்சிக்க ஆரம்பித்தேன். டிஸ்க்கைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அத்தனை நல்ல பெட்டி.

மாமாவிடம் கொடுக்க வேண்டிய நாளுக்குச் சில நாள் முன்னால், ஒரு காலை, அம்மனுக்கு மூக்குத்தி வைத்து சேவ் கொடுத்தேன். பாதியில் நின்றது. நின்றது நின்றதுதான். அணைத்துப் போட்டேன். ஃபைல் பழுது, திறக்க முடியாது என்று வந்தது. இன்னொரு தடவை போட்டேன். அதன் பிறகு டிஸ்க்கே இல்லை என்றது கம்ப்யூட்டர்.

நான் கத்தின கத்தலில் வீடே கூடிவிட்டது. அவள்தான் டிஸ்க்கைக் கழற்றினாள். கையில் வைத்து எடை பார்த்தாள், காதருகே ஆட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்படிக் கத்தியைக் கேட்டு வாங்கி ஓரத்தில் நெம்பினாள். மூடி இரண்டாகத் திறந்தது. உள்ளே போனில் போடுகிற சின்ன மெமரி கார்டு ஒன்று சொருகியிருந்தது. பக்கத்தில் கனம் வருவதற்காக ஓர் இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மருந்துக்குப் பதில் களிமண் அடைத்த வெடி மாதிரி இருந்தது அது.

"அப்ப மொதல்ல மட்டும் எப்படி வேகமா ஓடுச்சு?" என்றேன்.

"எல்லாத்தையும் புதுசா ஏத்துனாகல்லக்கா, அதான். அது எந்த டிஸ்க்குலயும் கொஞ்ச நாளைக்கு வேகமாத்தான் தெரியும்."

நான் அழுதுகொண்டிருக்க, என் வீட்டுக்காரர் பெட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருந்தாலும் அடிச்சவன் கெட்டிக்காரன்" என்றார். மாமா லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, "அட்டைய வெட்டுன டை கட்டிங்கும் சுத்தமா இருக்குலே. நம்ம லேபிளுக்கு இந்த ஃபாயில் கெடைக்குமான்னு விசாரி" என்றார். அப்பனும் மகனும் அதை வைத்துக்கொண்டு ரசித்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அலமாரியில் இருந்த பழைய டிஸ்க்கில் புது அம்மன் இல்லை. நடுவில் வாட்ஸ்அப்பில் என் வீட்டுக்காரருக்கு அனுப்பிய ஒரு சின்னப் படம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். மிச்சமிருந்த சில நாளில் என் பழைய டிஸ்க்கில் அது நடக்காது.

"மேல வந்து செய்ங்கக்கா" என்றாள் அவள். "என் ஷீட் முடிஞ்சிருச்சு. மெஷின் சும்மாதான் கெடக்கு."

அவள் ஷீட் முடிந்துவிட்டது என்கிற செய்தி எனக்கு அப்போதுதான் தெரியும். வேறு வழியில்லாமல் மாடி ஏறினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன், முதுகு அப்படியே பொருந்திக்கொண்டது. சொடுக்கினால் ஃபைல் திறந்துவிடுகிறது. சேவ் கொடுத்தால் கொடுத்தோமா இல்லையா என்று சந்தேகமாக இருக்கிறது. அவளைத் திட்டுவதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை. மெதுவான மெஷினில் செய்தால்தான் வேலை சுத்தமாக வரும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். எல்லாம் சும்மா. அவள் மெஷினில் வேலை சுத்தமாகவும் வந்தது, சீக்கிரமாகவும் வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து மேகத்துக்கு ஒரு வழி சொன்னாள், கேட்டுக்கொண்டேன். காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், குடித்தேன். ஒருவர் மேல் பொறாமைப்படுவதைவிடக் கொடுமை, அவர் போட்ட காப்பி நன்றாக இருப்பது.

வேலையை முடித்து மாமாவிடம் கொடுத்துவிட்டு, மறுநாளே விருதுநகர் கடைக்குப் போனேன். அவர் என்னை மறக்கவில்லை. அதே பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்து, "லென்ஸ் கொண்டாந்திருக்கீகளாம்மா?" என்றார்.

"மாட்டுற ஆளையும் நீங்களே அனுப்புங்க" என்றேன்.

ஐநூத்தம்பதுதான். அவளுடைய ஏழாயிரத்தின் பக்கத்தில் நிற்காது. ஆனால் மாட்டிய பிறகு, சொடுக்கிவிட்டு நான் அடுப்படிப் பக்கம் திரும்பும் முன் ஃபைல் திறந்து கிடந்தது. பெரிய ஃபைலை சேவ் பண்ணினாலும் தடுமாறவில்லை. அந்தப் பெட்டியை இன்னும் வைத்திருக்கிறேன். ஓரத்தில் சிவப்பு முடியளவு வெளியேதான் நிற்கிறது.

ஆடிப் பதினெட்டு அன்று ஆபீஸ் கூடத்தில் பழம், வெற்றிலையோடு ஆல்பத்தை சாமி முன்னால் வைத்திருந்தார்கள். மாமா சூடம் காட்டிவிட்டு அட்டையைத் திறந்தார். முதல் ஷீட் அவளுடையது. என்னுடையது இரண்டாவது. "ரெண்டும் நல்லாத்தான் இருக்குத்தா. இந்த வருசம் இது மொதல்ல இருக்கட்டும்" என்றார் என்னைப் பார்த்து. நான் தலையாட்டினேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, லென்ஸை எடுத்து அவள் படத்தின்மேல் குனிந்தேன். குற்றம் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன். சேலைக் கரையைப் பார்த்தேன். தாமரை ஓரத்தைப் பார்த்தேன். நகைக் கல்லைப் பார்த்தேன். கன்னத்தில் நிறம் நிறமாகப் புள்ளிகள், எல்லாம் அதனதன் இடத்தில். சுற்றி நின்றவர்கள் சிரிக்கிற மாதிரி இருந்தது. தோற்றுப்போனவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"ஏம்மா, அந்த லென்ஸக் கொஞ்சம் எடுத்துட்டுத்தான் பாரேன்" என்றார் அத்தை.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மனுக்கு இடது புருவம் வலதைவிட ஒரு நூல் உயரமாக இருந்தது. அப்படி எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் உண்டு. மூக்கு என்னுடையது. மூடிய உதடு என்னுடையது. கை மடியில் இருந்தது. எதையோ பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள், முகத்தின்மேல் எங்கிருந்தோ விழுகிற வெளிச்சம்.

"பைல் தொறக்கதுக்குக் காத்துட்டு உக்காந்திருப்பீகல்லக்கா, அப்ப உங்களுக்கு ஒரு மொகம் வரும்" என்றாள் அவள், என் தோள் பக்கத்திலிருந்து. "அம்புட்டு சாந்தமா இருக்கும். வாசல்ல நின்னு போன்ல எடுத்து வச்சிருந்தேன். நீங்க புது டிஸ்க் போட்டா அந்த மொகம் போயிருமேன்னு மொதல்லயே வரைஞ்சுட்டேன். கோவமாக்கா?"

அந்த முகத்தோடு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். உன் கண்ணாடிப் பெட்டிக்குள்ள எறும்பு புத்து வைக்க என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அவளிடம் அதைச் சொல்லவில்லை. "கோவம் இல்லம்மா" என்றேன். ஏஜெண்டுகள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

தை பிறந்ததும் ஊரில் அம்மா வீட்டுக்கு அந்த முதல் ஷீட் போட்ட காலண்டர் ஒன்று அனுப்பினேன். சாமி படத்தட்டுக்குப் பக்கத்தில் மாட்டி, பூ வைத்து, விளக்கேற்றிவிட்டு அம்மா போன் பண்ணினாள்.

"அம்மன் அப்படியே உன்ன மாதிரி இருக்கே. நீ செஞ்சதாம்மா?"

ஆமாம் என்று சொன்னால் அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. அந்தப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது.

"இல்லம்மா. என் கொழுந்தனார் பொண்டாட்டி செஞ்சது."

"அதான பாத்தேன்" என்றாள் அம்மா. "உன்ன நீயே செஞ்சிருந்தா இம்புட்டு அழகா செஞ்சிருக்க மாட்டியே."

அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.